நகரித் தறியிலிருந்து திருப்பதி மேடைக்கு: தனபாலோடு இரண்டு நாள்

திருப்பதிக்குப் போய்விட்டு லட்டு இல்லாமல் திரும்பியதற்காக அலுவலகத்தில் இன்னும் யாரும் என்னை மன்னிக்கவில்லை. மலைக்கே போகவில்லை என்றால் நம்பவும் மாட்டேன் என்கிறார்கள். ஹெவி மெட்டல் கச்சேரி பார்க்கப் போனேன் என்ற உண்மையைச் சொன்னதும் பக்கத்து மேசைக்காரர் காய்ச்சலா என்று விசாரித்தார். எனக்கு ஐம்பத்தோரு வயது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மூட்டுவலி உண்டு. கல்லூரிக் காலத்தில் கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியாமல் ஹெட்போனில் உறுமல் சத்தம் கேட்டு வளர்ந்தவள் என்பது இவர்களுக்குத் தெரியாது.

'தறிச்சத்தம்' என்ற பாட்காஸ்ட்டை இரண்டு வருடமாகக் கேட்கிறேன். நடத்துபவர் தனபால், நகரிக்காரர், ஹெவி மெட்டல் கிட்டார் வாசிப்பவர். ஆரம்பத்தில் அரை நிமிடம் காதைக் கிழிக்கும் கிட்டார் வரும். அதன் பிறகு சித்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வெளியே போன யாராவது ஒருவரோடு முக்கால் மணிநேரப் பேச்சு. குவைத் டிரைவர், பெங்களூரு செக்யூரிட்டி, லண்டனில் நர்ஸ் என்று விதவிதமான ஆட்கள். ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் ஓடும். அவசரமே இல்லாமல் கேட்பார், அதுதான் எனக்குப் பிடித்தது.

தொண்ணூற்றொன்பதாவது பகுதியின் கடைசியில் அவர் ஒன்று சொன்னார். "என் காது போய்க்கினு இருக்குது. வலது காது ஏற்கெனவே இல்ல. நூறாவது எபிசோடு திருப்பதியில, மேடையில, ஆளுங்க முன்னாடி. பாட்டும் உண்டு, பேச்சும் உண்டு. அது சரியா வந்தா பாக்கலாம். வரலைன்னா கிட்டாரு, பாட்காஸ்ட்டு ரெண்டையும் அன்னிக்கே மூடிட்றேன்." காய்கறி விலை சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அடுப்பில் பாலை மறந்துவிட்டு அப்படியே நின்றேன். அன்றே அவருக்கு எழுதினேன். முதல் நாளே நகரிக்கு வந்துவிடுங்கள், எங்கிருந்து எங்கே வந்தேன் என்று பார்த்துக்கொண்டே போகலாம் என்று பதில் வந்தது. மாசி மாதம், வெயில் ஏறுவதற்கு முன் ஒரு சனி, ஞாயிறு.

சனிக்கிழமை காலை 6.25 மணிக்குச் சென்னை சென்ட்ரலிலிருந்து திருப்பதி எக்ஸ்பிரஸ். உட்கார்ந்து போகும் டிக்கெட் 70 ரூபாய். எனக்கு எதிரே உட்கார்ந்த குடும்பம் அரக்கோணம் வருவதற்குள் மூன்று தடவை இட்லி சாப்பிட்டது, எனக்கும் இரண்டு தந்தது. திருத்தணி தாண்டி வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்றொரு ஸ்டேஷன் வரும். பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஸ்டேஷன் முடிந்துவிடும். 8.10க்கு ஏகாம்பரகுப்பத்தில் இறங்கினேன். அங்கிருந்து நகரிக்குள் ஷேர் ஆட்டோ 20 ரூபாய். புடவை எடுக்க வந்தீர்களா என்று ஆட்டோக்காரர் கேட்டார். கிட்டார்காரர் வீடு என்றேன். "தறிக்காரு வூடுன்னு சொல்லுங்க" என்று திருத்தி, வாசலிலேயே இறக்கிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட தறிக்கொட்டகை. ஆறு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது. காதால் கேட்பதற்கு முன்னால் அது காலில் ஏறுகிறது. உள்ளே தனபால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஐம்பதைத் தொட்ட மனிதர், தோள் வரை நரைத்த முடி, ரப்பர் செருப்பு. நான் "சார்" என்று கத்தினேன். இன்னும் பலமாகக் கத்தினேன். மூன்றாவது தடவை கத்தியபோது எனக்கே தொண்டை கமறியது. அவர் அசையவில்லை. தறிகளுக்கு நடுவில் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் தனபாலின் தங்கை அமுதா. இப்போது தறிகளை ஓட்டுவது அவர்தான்.

அமுதா என்னை வெளியே இழுத்து வந்து பாடம் எடுத்தார். கொட்டகைக்குள் யாரும் கத்துவதில்லை. காது நன்றாக உள்ளவனுக்கே கேட்காது, கத்தி என்ன பயன்? எதிரே போய் நிற்க வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டும். உதட்டை மட்டும் அசைத்து நிதானமாகச் சொன்னால் போதும், பத்துத் தறி தள்ளி நிற்பவருக்கும் புரியும். கூடவே கை ஜாடைகள் உண்டு. மடக்கிய முஷ்டி என்றால் நிறுத்து. ஒரு விரலைச் சுழற்றினால் இன்னொரு சுற்று. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் மெதுவாக. இந்தக் கொட்டகையில் பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் நடக்கப் பழகும்போதே உதடு படிக்கத் தெரியும் என்றார்.

"ஒரே ஒரு சட்டம் உண்டுக்கா. நமக்குச் சொல்லாதத பாத்துட்டாலும் பாக்காத மாதிரி இருந்துடணும். இல்லன்னா ஷெட்டுல டெய்லி சண்டைதான்."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்த பாட்காஸ்ட்டில் அவர் அவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாரே என்று வியந்தேனே, பாதி நேரம் அவர் கேட்கவே இல்லை. எதிரில் உட்கார்ந்தவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போனில் எடுத்த பேட்டிகள் மட்டும் கடந்த வருடம் ஏன் தடுமாறின என்பதும் புரிந்தது.

கொட்டகைக்கு வெளியே வந்ததும் தனபால் கலகலவென்று பேசினார். அவருடைய நைனா, அதாவது அப்பா, நாலு தறி போட்டு, கூலிக்கு நெய்து கொடுத்தவர். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஊருக்கு டிஷ் ஆண்டெனா வந்தது. கேபிள்காரர் காலியாகக் கிடந்த ஒரு சேனலில் வெளிநாட்டுப் பாட்டு போட்டார். முடி வளர்த்த நாலு பேர் கிட்டாரை வைத்துக்கொண்டு இடித்ததைப் பார்த்துவிட்டு ஊரே சேனலை மாற்றியது. பதினாறு வயதுத் தனபால் மட்டும் மாற்றவில்லை. "இது எங்க ஷெட்டு சத்தம்தான மேடம். இதுக்குப் போயி அவனுங்களுக்கு காசு தர்றாங்களேன்னு இருந்துச்சு" என்றார்.

மதியம் 12.30க்கு அவருடைய பழைய வேனில் சித்தூருக்குக் கிளம்பினோம். கார்வேட்டிநகரம் வழியாக 65 கிலோமீட்டர், இரண்டு மணிநேரம். வழியெங்கும் மாந்தோப்பு, பூ வைத்திருந்தது. நான் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். வண்டியில் ஏறியதும் ஒரு நிபந்தனை போட்டார்: ஓட்டும்போது பேசக் கூடாது. என் வாயைப் பார்க்கத் திரும்பினால் வண்டி மரத்தில் ஏறிவிடும். அதனால் நான் என் வாழ்நாளிலேயே முதல் முறையாக ஒரு மணிநேரம் வாயை மூடிக்கொண்டு பயணம் செய்தேன். என் வீட்டுக்காரர் இதைப் படித்தால் அந்த வேனை விலைக்குக் கேட்பார்.

கார்வேட்டிநகரத்தில் டீக்கடையில் நிறுத்தியபோதுதான் மீதிக் கதை கிடைத்தது. முதல் வேலை கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் ஒரு பாட்டுக் குழுவில். காணிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் திருவிழா. பிள்ளையார் பாட்டுக்கு நடுவில் கை அரித்து, கிட்டாரில் இருபது விநாடி உறுமலைச் சேர்த்துவிட்டார். கூட்டத்தில் குழந்தைகள் அழ, குழுத் தலைவர் அடுத்த பஸ்சில் ஏற்றி அனுப்பிவிட்டார். அந்தச் சமயத்தில் நூல் விலை தாறுமாறாக ஏறியது. நைனா இரண்டு தறியை விற்றார். தனபால் பெங்களூருக்குப் போய், பகலில் கம்ப்யூட்டர் திரை பூட்டும் கம்பெனியில் வேலை, மாலையில் ஒரு பப்பில் கிட்டார். அங்கே போஸ்டரில் 'டேன் பால்' என்று போட்டார்கள். அயர்லாந்துக்காரர் என்று நினைத்து வந்த இரண்டு பேர் இவரைப் பார்த்துவிட்டு அரை மனதோடு உட்கார்ந்தார்களாம்.

அந்த வருமானம் போதவில்லை. குவைத்துக்கு ஏசி மெக்கானிக்காகப் போனார், ஏழு வருடம்; கொட்டகையில் தறி ஆறானது அந்தக் காசில்தான். பிலிப்பைன்ஸ்காரர்கள் மூன்று பேர் தொழிலாளர் கேம்ப்பில் மெட்டல் வாசித்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். வீட்டுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார். ஒரு பக்கம் பேச்சு, இன்னொரு பக்கம் கிட்டார். நைனா அந்தப் பக்கத்தைப் போட்டதும், டேப் ரெக்கார்டர் கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனாராம். கடைக்காரரும் திறந்து துடைத்துக் கொடுத்திருக்கிறார். "அந்த கேசட்டுதான் மேடம் என் முதல் பாட்காஸ்ட்டு. கேக்க ஒரே ஆளு, அவரும் ரிப்பேருக்குக் குடுத்துட்டாரு."

காது எப்படிப் போனது என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "பாதிய தறி துன்னுச்சு. மீதிய ஆம்ப்ளிஃபையரு துன்னுச்சு. யார் மேல கேஸ் போட்றது?"

சித்தூரில் லாரிகளுக்குத் தகரம் கட்டும் பட்டறை வைத்திருக்கும் பாஷாதான் இவருடைய டிரம்ஸ்காரர். பெங்களூரில் லாரி கிளீனராக இருந்தபோது அந்தப் பப்பின் வாசலில் பழக்கமானவர். நாள் முழுக்கத் தகரம் தட்டிவிட்டு, சாயங்காலம் டிரம்ஸ் தட்டுகிற மனிதருக்கு முழங்கை எதனால் ஆனதோ தெரியவில்லை. பட்டறையின் பின்பக்கம் ஒத்திகை. முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டில் வேகம் மாறும் இடத்தில் தனபால் முழுதாக ஒரு சுற்று பின்தங்கினார். பாஷா நிறுத்தி, "அன்னா, இங்கோ சாரி" என்று, இன்னொரு தடவை என்பதைத் தெலுங்கில் சொல்லி, மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடம், அதே சறுக்கல். ஐந்து தடவை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு தனபால் கிட்டாரை உறையில் வைத்து ஜிப்பை இழுத்தார். அதுவரை சிரித்துக்கொண்டே வந்த மனிதருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் லாட்ஜுக்குப் போய்விட்டேன். ஒரு நாள் வாடகை 850 ரூபாய், வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும்.

ஞாயிறு காலை அவர்கள் சாமான்களோடு வேனில் போக, நான் பஸ்சில் போனேன். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர், இரண்டு மணிநேரம், 120 ரூபாய். பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தரிசன டிக்கெட் எடுத்தாயிற்றா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை என்றேன். எப்படி எடுக்க வேண்டும் என்று அலிபிரி வரும்வரை விளக்கினார். நல்ல மனிதர், தடுக்க மனம் வரவில்லை.

கச்சேரி ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில், மாலை நாலு மணிக்கு. முந்தின முகூர்த்தத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் கட்டியிருந்தது. இரண்டு மணிக்கு அமுதா நகரியிலிருந்து பஸ் பிடித்து, தூக்குச் சட்டியில் புளிசாதத்தோடு வந்து சேர்ந்தார். மேடையில் தனபாலும் பாஷாவும் எல்லா பேண்டும் நிற்பது போலத்தான் நின்றார்கள்: டிரம்ஸ் பின்னால், கிட்டார் முன்னால், சபையைப் பார்த்து. சோதனைக்கு வாசித்தார்கள். அதே இடத்தில் அதே சறுக்கல். மண்டபம் எதிரொலித்ததால் பட்டறையைவிட மோசம்.

அமுதா சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். மெட்டல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, அக்கறையும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினார். "இவனுக்கு முதுகுலயா கண்ணு கீது? தறிய எவனாச்சும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போடுவானா?" என்று பாஷாவைக் கேட்டார். நகரியில் தறிகளை எதிரெதிராகத்தான் போடுவார்கள். நடுச்சந்தில் ஓர் ஆள் நின்று இரண்டையும் பார்த்துக்கொள்வார். டிரம்ஸை இடது ஓரத்துக்கு நகர்த்தி, குறுக்காகத் திருப்பிப் போட வைத்தார் அமுதா. தனபாலை வலது ஓரத்தில், பாஷாவைப் பார்த்து நிற்க வைத்தார். சபைக்குப் பக்கவாட்டு முகம்தான் தெரியும். அதன் பிறகு பாஷாவுக்குப் பத்து நிமிடத்தில் மூன்று ஜாடை: முஷ்டி, சுழலும் விரல், அழுத்தும் உள்ளங்கை. இரண்டு கையிலும் குச்சி இருக்கிறதே, ஜாடையை எதால் காட்டுவது என்று பாஷா கேட்டார். "வாய் சும்மாதான இருக்குது?" என்றார் அமுதா. கை கிடைத்தால் கை, இல்லாவிட்டால் உதடு என்று முடிவானது.

நாலு மணிக்கு மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். பெங்களூரு ஐடிப் பிள்ளைகள் கறுப்பு டீ-ஷர்ட்டில் வந்திருந்தார்கள். முந்தின நாளே மலைக்குப் போய்விட்டு வந்ததால் பாதிப் பேருக்கு மொட்டை. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் முப்பது நாற்பது ஒரே தாளத்தில் மேலும் கீழும் ஆடுவதை நான் வேறெங்கும் பார்க்கப்போவதில்லை. பின்வரிசைகளில் உள்ளூர்க் குடும்பங்கள், பஸ்சுக்கு நேரம் இருக்கிறதே என்று உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள்.

இரண்டாவது பாட்டு வந்தது. நான் நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். வேகம் மாறும் இடத்துக்கு முன்னால் பாஷா ஒரு குச்சியை விரலிடுக்கில் மாட்டிக்கொண்டு மற்ற விரலைச் சுழற்றினார். பிறகு உதடு மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது. நாலில் இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினார்கள். நகரியில் காலில் ஏறிய அதே அதிர்வு. நான் எழுந்து கத்தினேன். மூட்டு மறுநாள்தான் கேள்வி கேட்டது.

மூன்று பாட்டுக்குப் பிறகு பேச்சு. சபையிலிருந்து கேள்வி கேட்கலாம் என்று தனபால் மைக்கோடு நடுவில் வந்து நின்றார். ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்தி மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தார். "பஸ்சு ஏழே காலுக்குத்தாம்மா. காது கேக்காதவன் எதுக்குப் பாட வந்தான்னு நீங்க கேட்டது நியாயந்தான். இன்னும் ரெண்டு பாட்டு இருக்குது, கேட்டுட்டுச் சொல்லுங்க."

எட்டாவது வரிசையில் பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா, கணவர் காதுப் பக்கம் சாய்ந்தபடியே உறைந்துபோயிருந்தார். அவருக்கு முன்வரிசையில் இருந்தவர்களுக்கே அவர் கிசுகிசுத்தது கேட்கவில்லை. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அமுதா மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து சத்தமில்லாமல் அண்ணனைத் திட்டித் தீர்த்தார். அந்த உதடுகளை எனக்கே படிக்க முடிந்தது. கொட்டகையின் ஒரே சட்டத்தை மனிதர் மேடையில் வைத்து உடைத்துவிட்டாரே. தனபாலுக்கு முகம் சிவந்துவிட்டது. கையைக் கூப்பி, அது தறிக்காரன் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டார்.

அந்த அம்மா போகவில்லை. இரண்டு பாட்டும் இருந்தார். முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து கிட்டார் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த தனபாலுக்கு எதிரில் போய் நின்று, யாரும் சொல்லித் தராமலே நிதானமாகப் பேசினார்.

"எம் புள்ள அமெரிக்காவுல கீறான். போன்ல பேசுனா ம், ம்முன்னு எதையோ பாத்துக்கினே இருக்கான். ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்குது அவனுக்கு. நீ எட்டாவது வரிசையில இருந்தத கேட்டியே நைனா."

தனபால் ஒயரைக் கீழே வைத்தார். பாஷா குச்சிகளைத் துடைப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தனபால் அந்த அம்மாவுடைய ஊர் பெயரைக் கேட்டார். அடுத்த வாரம் மைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாமா என்றார். வந்தால் கோழி அடிக்கிறேன் என்றார் அந்த அம்மா.

தனபால், இன்னும் கலையாமல் நின்ற கூட்டத்திடம் திரும்பி, மைக் இல்லாமலே சொன்னார்: "மூடல. போன்ல பேசறது மட்டும் நிறுத்திட்டேன். இனிமே நானே வர்றேன், எதிர்ல உக்காந்து பேசலாம்." மொட்டைத் தலைகள் மறுபடி ஆடின.

ஏழே கால் பஸ்சிலேயே நானும் கிளம்பினேன். சென்னைக்கு 210 ரூபாய், நாலு மணிநேரம். பச்சைப் புடவை அம்மா எனக்கு முன்சீட்டில். வடமாலப்பேட்டை வருவதற்குள் கோழியைக் குழம்பு வைப்பதா வறுப்பதா என்று கணவரோடு பாதி விவாதம் முடிந்திருந்தது. மீதி புத்தூரில் இறங்கும்வரை நடந்தது.

இதே மாதிரி போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயிலில் இடது பக்க ஜன்னல் கிடைத்தால் காலை வெயிலுக்குத் தப்பலாம். நகரியில் கொட்டகைக்குள் போகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை, ஆனால் துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், தறி அதையும் சேர்த்து நெய்துவிடும். காதில் பஞ்சு கட்டாயம். பஞ்சு வைக்கச் சொல்லி முதலில் தந்ததே தனபால்தான், தானும் சின்ன வயதிலேயே வைத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். கார்வேட்டிநகரத்து டீ நன்றாக இருக்கும், வடையை நம்ப வேண்டாம். திருப்பதியில் எப்படியாவது லட்டு வாங்கிவிடுங்கள், அலுவலகத்தில் நிம்மதியாக இருக்கலாம்.

உங்கள் ஊருக்குத் தனபால் மைக்கோடு வந்தால், பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். எதிரே போய் நில்லுங்கள், மெதுவாகப் பேசுங்கள். கத்த வேண்டியதில்லை. முக்கியமாக, நாலு வீடு தள்ளி நின்றுகொண்டு அவரைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் காதில் எதையும் சொல்லி வைக்காதீர்கள். பதில் வந்துவிடும்.